தெக்லா கொண்டாந்த காளான்

ஜன்னலை மூடாதம்மா. காட்ரோடு தாண்டிட்டா குளுந்த காத்து வரும், தலைசுத்தல் தன்னால நிக்கும். இந்த மலை ரோட்டுல முப்பது வருசமா ஏறி எறங்குறேன், எனக்கே ஊத்து வளைவு வந்தா வயித்தப் பெரட்டும். கண்ணை மூடாத. மூடினா இன்னும் மோசம். நேரா டிரைவர் முதுகைப் பாத்துக்கிட்டே வா. யாராவது பேசிக்கிட்டு வந்தா தெரியாது. நீ பேச வேணாம், நான் பேசுறேன். எனக்கும் இன்னைக்கு யாருகிட்டயாவது பேசணும்போல இருக்கு.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல என் பையைத் தூக்கிட்டு வந்து, துண்டைப் போட்டு இந்த எடத்தைப் பிடிச்சுக் குடுத்துச்சே ஒரு அம்மா, பாத்தியா? ஒல்லியா, பச்சைச் சீலை. அவதான் தெக்லா. எனக்கு நாத்தனா. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. நீ பாத்தேல்ல, அவ மூஞ்சி கோவமா இருந்த மாதிரி இருந்துச்சா? இல்லேல்ல? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. கோவமா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

அவளைக் கூப்பிட்டு வரத்தான் போனேன். வரமாட்டேன்னுட்டா.

நான் பெருமாள்மலையில எறங்கி, அங்கேருந்து ஒரு மைல் மேல நடக்கணும். காபித் தோட்டத்துக்கு நடுவுல ஒரு பங்களா. மெட்ராஸ்காரங்க வாங்கி ஹோம்ஸ்டேன்னு போர்டு போட்டிருக்காங்க. பத்து வருசமா அங்க நான்தான் சமையல். எம் பேரு அமலோற்பவம். பங்களாவை நடத்துற ஷர்மிளா மேடம்தான் அதை அமலான்னு சுருக்கினது. வர்ற ஆளுங்க 'செஃப் அமலா'ன்னு சொல்லி எங்கூட நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க.

என்ன சமையல்ங்குற? பாஸ்தா. சிரிக்காதம்மா. பாக்கெட்ல வர்ற காஞ்ச குச்சி இல்ல. மைதாவைக் குமிச்சு, நடுவுல குழி பறிச்சு, முட்டையை ஒடச்சு ஊத்தி, கையால பிசைஞ்சு, ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் மூடி வச்சு, அப்புறம் தேச்சு, சுருட்டி, நாடா நாடாவா அறுத்துச் செய்யிறது. காளானையும் பச்சிலையையும் வெண்ணெயில வதக்கி, அதுல இந்த நாடாவைக் கொதிக்கக் கொதிக்கப் போட்டுப் பெரட்டணும். பச்சிலைன்னா கொத்தமல்லி புதினா இல்ல. ரோஸ்மேரி, தைம், பார்ஸ்லி. எல்லாம் பங்களாத் தோட்டத்துலயே இருக்கு. காளான் காட்டுக் காளான். அதுக்குத்தான் கோயம்புத்தூர்லேருந்தும் பெங்களூர்லேருந்தும் காரு எடுத்துக்கிட்டு வருவாங்க.

சீசன் நேரத்துல மேடம் அதை வகுப்பாவே ஆக்கிட்டாங்க. வந்தவங்க எல்லாம் ஏப்ரனைக் கட்டிக்கிட்டு மேசையச் சுத்தி நிப்பாங்க. நான் நடுவுல நின்னு சொல்லிக் குடுப்பேன். மாவு எந்தப் பதத்துல இருக்கணும், காது மடலத் தொட்டுப் பாருங்க, அந்தப் பதம். காளானைத் தண்ணியில கழுவாதீங்க, துணியால தொடைங்க, கழுவுனா தண்ணியக் குடிச்சிட்டு வதங்காது, வேகும். சட்டியில நெருக்கிப் போடாதீங்க. இதெல்லாம் நான்தான் சொல்லுவேன். எல்லாரும் ஃபோன்ல படம் பிடிப்பாங்க.

தெக்லா பின்கட்டுல இருப்பா. அவளுக்கு ஆளுங்க முன்னாடி நிக்க வராது. எங்க வீட்டுக்காரர் தைரியநாதன் செத்து பதினெட்டு வருசம். அன்னைலேருந்து போன வருசம் வரைக்கும் அவளும் நானுந்தான் ஒரே வீட்டுல. கல்யாணம் வேண்டாம்னுட்டா. பதினேழு வருசத்துல எங்கூட அவ பேசினதை ஒரு பக்கத்துல எழுதிரலாம். 'மதினி, தண்ணி வந்திருச்சு.' 'மதினி, மழை வரும், துணிய எடுங்க.' அம்புட்டுத்தான். எதையாவது கேட்டா பத்து நிமிசம் கழிச்சுப் பதில் வரும். விடியக்காலம் எந்திரிச்சுக் காட்டுக்குள்ள போயிருவா. மழை பேஞ்ச மூணாம் நாள் கூடை நெறையக் காளானோட, முழங்கால் வரைக்கும் சேறோட வந்து நிப்பா. நான் கூட்டிப் பெருக்கி வச்ச தரையில அந்தச் சேத்துக் காலு. எத்தனை தடவ சண்டை போட்டிருப்பேன் தெரியுமா? நான்தான் போடுவேன். அவ தொடச்சுவிட்டுட்டுப் போயிருவா.

பின்கட்டுல அவளுக்குப் பெரிய வேலையெல்லாம் இல்லம்மா. மாவு பிசைவா. அது ஏன்னா எனக்கு வலது மணிக்கட்டு வலி. முட்டைமாவு கெட்டி மாவு, இருபது நிமிசம் விடாம பிசையணும். சின்னப் பிள்ளையில அவ ஒரு கான்வென்ட் அடுப்படியில வேலைக்கு இருந்தா. அங்க இத்தாலிக்காரச் சிஸ்டர் ரெண்டு பேரு, பாஸ்கா, அதான் ஈஸ்டர், வந்தா இந்த மாவைப் பிசைவாங்களாம். அங்க பழகினதுதான் அவ கை. பிசைவா, தேப்பா, அறுப்பா, கொம்புல காயப்போடுவா. காளானைத் தொடச்சு, நறுக்கி வைப்பா. பச்சிலை ஆஞ்சு குடுப்பா. எந்தக் காளானுக்கு எந்தப் பச்சிலைன்னும் அவளே பிரிச்சு வச்சிருவா. மத்ததெல்லாம் நான்தான்.

வகுப்புல வந்தவங்க பிசையிற மாவு ஒண்ணுக்கும் உதவாது. ஒண்ணு தண்ணியா இருக்கும், இல்ல கல்லா இருக்கும். அதை அப்படியே உள்ள கொண்டுபோறேன்னு கொண்டுபோயி கோழிக்குப் போட்டுருவோம். தெக்லா பிசைஞ்சு வச்ச மாவைக் கொண்டாந்து வெளிய வைப்போம். 'நம்ம கையால செஞ்சது'ன்னு அவங்க சாப்பிடுவாங்க. அவங்களுக்குச் சந்தோசம். இதுல என்ன தப்பு?

டம்டம் பாறை வந்திருச்சு பாரு. அருவியில தண்ணி இல்ல. போன வருசம் இந்நேரம் கொட்டுச்சு. போன மே மாசம் அப்படி ஒரு மழை. அந்த மழையிலதான் எல்லாம் வந்துச்சு.

கோயம்புத்தூர்லேருந்து ஒரு குடும்பம். நாலு பெரியவங்க, ரெண்டு பிள்ளைங்க. மூணு நாள் தங்க வந்தாங்க. முத நாளே காத்து அடிச்சு, மரம் விழுந்து கரண்டு போயிருச்சு. காலையில போனது சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வந்துச்சு. மறுநாள் வகுப்பு. தெக்லா கூடை நெறையக் காளான் கொண்டாந்திருந்தா, காபிச் செடி அடியில மொளச்சது, குடை குடையா. பெரியவங்களுக்கு க்ரீம் ஊத்தின பாஸ்தா. பிள்ளைங்க க்ரீம் வேணாம்னுச்சுங்க, அதுங்களுக்கு வெறும் வெண்ணெயில பெரட்டிக் குடுத்தேன். எல்லாரும் தட்டை வழிச்சுச் சாப்பிட்டாங்க. ஒரு அம்மா என் கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிச்சு.

விடிஞ்சு பாத்தா பெரியவங்க நாலு பேருக்கும் வாந்தி, வயித்தால போகுது. எந்திரிச்சு நிக்க முடியல. காரு வச்சு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டாரு. காட்டுக் காளான்னு சொன்னதும் எல்லாருக்கும் ஈரக்கொலை நடுங்கிருச்சு. காட்டுக் காளான்னா அப்படித்தானே, ஈரல் போயிரும், உசுரு போயிரும்னு கேள்விப்பட்டிருக்கோம்ல. மதியத்துக்குள்ள அவங்க சொந்தக்காரர் ஒருத்தர் கோயம்புத்தூர்லேருந்து வந்து எறங்கிட்டாரு. நேரா அடுப்படிக்கு வந்துட்டாரு. 'எவன் சமைச்சது? எவன் சமைச்சது?'ன்னு ஒரே சத்தம். பொம்பளைங்க நிக்கிறோம்கிறது கூடத் தெரியல அவருக்கு.

மேடம் மூஞ்சி வெளுத்திருச்சு. என்னைப் பாத்தாங்க. "அமலா, காளான் எங்கேருந்து வந்துச்சு?"

நான் சொன்னேன், "தெக்லா கொண்டாந்தது மேடம்."

நான் பொய்யா சொன்னேன்? கொண்டாந்தது அவதானே? கேட்டாங்க, சொன்னேன்.

"நீ பாத்து வாங்கலையா?"

"எனக்குக் காளானைப் பத்தி என்ன மேடம் தெரியும்? நான் சமைக்கிறவ."

அதுவும் பொய்யில்ல. எனக்குத் தெரியாதுதான். வகுப்புல சொல்றது வேற. அது தெக்லா எப்பவாவது சொன்னதைக் கேட்டு வச்சிருந்தது.

பின்கட்டுக் கதவுகிட்ட அவ நின்னுக்கிட்டிருந்தா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னா. அந்த ஆளு அவ பக்கம் திரும்பி, வாயில வந்ததெல்லாம் சொன்னாரு. படிக்காத சனியன்னாரு. போலீசுன்னாரு. அவ திரும்பினா. உள்ள போனா. முந்தின நாள் கூடையில பாதிக் காளான் மிச்சம் இருந்துச்சு, அதைக் கொண்டாந்து எல்லாரும் பாக்குற மாதிரி மேசையில வச்சா. "இதே கூடை"ன்னா. அடுப்பப் பத்த வச்சா. துணியால தொடச்சா. நறுக்கினா. வெண்ணெய், பூண்டு, தைம். காளான் நெறம் மாறுற வரைக்கும் சட்டிகிட்டயே நின்னா. மாவு மிச்சம் இருந்ததையும் அறுத்துக் கொதிதண்ணியில போட்டு எடுத்துப் பெரட்டினா. அந்த ஆளு கத்திக்கிட்டே இருந்தவரு, அந்த வாசனை வந்ததும் நிறுத்திட்டாரு. ஏன்னு தெரியல, எல்லாரும் சும்மா நின்னு அவ சமைக்கிறதப் பாத்துக்கிட்டிருந்தோம்.

தட்டுல கொட்டி எடுத்துக்கிட்டுப் போயி, வந்தவங்க உக்காந்து சாப்பிடுற மேசை இருக்குல்ல, ஜன்னலோரம், அதுல உக்காந்தா. ஒம்போது வருசத்துல அந்த நாக்காலியில அவ உக்காந்ததே இல்ல. நானும் உக்காந்ததில்ல. உக்காந்து என்னைப் பாத்தா. தட்டை என் பக்கமா லேசாத் தள்ளினா.

"மதினி, நீங்களும் ஒரு வாய் வைங்க."

எனக்கு அன்னைக்கு வயிறு ஒரு மாதிரியா இருந்துச்சும்மா. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. பதட்டம் வேற. "எனக்கு வேணாம், நீ சாப்பிடு"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு தடவ தலையாட்டிட்டு அவ சாப்பிட ஆரம்பிச்சா. வேகமாவும் இல்ல, மெதுவாவும் இல்ல. பசிச்சவ சாப்பிடுற மாதிரி சாப்பிட்டா. ஒரு துண்டு விடல. அப்புறம் கையக் கட்டிக்கிட்டு அதே நாக்காலியில உக்காந்திருந்தா.

மதியம் ஒண்ணரை மணி அது. பொழுது சாயுற வரைக்கும் உக்காந்திருந்தா. எல்லாரும் வந்து வந்து அவ மூஞ்சியப் பாத்தாங்க. மேடம் ரெண்டு தடவ, "எப்படி இருக்கு? எதாவது பண்ணுதா?"ன்னு கேட்டாங்க. இல்லன்னா. அந்த ஆளு வராந்தாவுல நடந்துக்கிட்டே இருந்தாரு. நான் நாலஞ்சு தடவ அவளைத் தாண்டிப் போயிருப்பேன், வேலை இருந்துச்சுல்ல. ஒவ்வொரு தடவையும் நிமிந்து பாப்பா. பாத்துட்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிருவா.

ஆறு மணிக்கு எந்திரிச்சா. தட்டைக் கழுவினா. தொடச்சு அலமாரியில வச்சா. போயிட்டா.

அவளுக்கு ஒண்ணும் ஆகல. ஆஸ்பத்திரியில இருந்தவங்களும் ரெண்டு நாளுல எந்திரிச்சு நடந்து காருல ஏறிட்டாங்க. ஈரலும் போகல, உசுரும் போகல. டாக்டரே ஏதோ கெட்டுப்போனது சாப்பிட்டிருக்காங்கன்னுதான் சொன்னாராம். ஆனா அதுக்குள்ள அந்த வீட்டுப் பையன் ஒருத்தன் இன்டர்நெட்டுல எழுதிட்டான். காட்டுக் காளானைப் போட்டுக் கொல்லப் பாத்தாங்கன்னு. மேடம் என்ன செய்வாங்க, பாவம். "அமலா, காளான் காரணம் இல்லேன்னுதான் எனக்கும் தோணுது. ஆனா யாரையாவது நிறுத்திட்டோம்னு நான் பதில் எழுதணும்"னாங்க. சமைக்கிற ஆளை நிறுத்த முடியுமா? போர்டுலயே என் படம் இருக்கு. அதனால தெக்லாவ நிறுத்திட்டாங்க.

நான்தான் அவகிட்ட சொன்னேன். "கொஞ்ச நாளைக்குத்தான். சீசன் முடியட்டும்"னேன். சரின்னா. மூணாம் நாள் காலையில பாத்தா ஒரு துணிப்பையோட கெளம்பி நிக்கிறா. எங்கன்னேன். கீழன்னா. அவ அண்ணன் போட்டோவைச் சுவத்துலேருந்து எடுத்து, கண்ணாடியத் தொடச்சு, திரும்ப மாட்டினா. "இது உங்ககிட்டயே இருக்கட்டும் மதினி"ன்னா. இதே பஸ்ஸுலதான் எறங்கிப் போனா.

பதினேழு வருசம்மா. ஒரே கூரைக்குக் கீழ. போறேன்னு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லலாம்ல? எனக்கு வருத்தம் இருக்காதா? நீயே சொல்லு.

அப்புறம் ஒரு வருசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாவு விண்டு விண்டு போகுது. முட்டை ஒண்ணு கூடப் போட்டா ஒட்டுது, குறைச்சா வெடிக்குது. மணிக்கட்டு வீங்கி, காலையில சேலைக் கொசுவம் சொருக முடியல. காளானுக்கு டவுன் கடையிலேருந்து பாக்கெட்டு, வெள்ளை வெள்ளையா பொத்தான் மாதிரி. அதுல வாசனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எந்தப் பச்சிலையப் போட்டாலும் அது தனியா நிக்குது, காளான் தனியா நிக்குது. முன்ன வந்த பெங்களூர்க்காரர் ஒருத்தர் மறுபடியும் வந்தாரு. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு, "நீங்க லீவுல இருந்தீங்களா, வேற யாரும் செஞ்சாங்களா?"ன்னாரு. நான்தான் செஞ்சேன்னேன். தட்டுல பாதி அப்படியே இருந்துச்சு.

இந்த மே பொறந்ததும் மேடம் கூப்பிட்டாங்க. "அமலா, உன் கைப்பக்குவம் மாறிப்போச்சு. எனக்குப் புரியுது. தெக்லாவக் கூட்டிட்டு வா. பின்பக்கமா இருந்து செய்யட்டும், யாருக்கும் தெரிய வேணாம்." அதான் இன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சுக் கெளம்பினது.

வத்தலக்குண்டுலேருந்து சித்தரேவு போற வழியில ஒரு சின்ன ஊரு. விசாரிச்சுக்கிட்டே போனேன். தென்னந்தோப்புக்குள்ள ஓலைக் கொட்டாய், சுத்தியும் ஈரச்சாக்கு தொங்குது. உள்ள இருட்டு. வைக்கோலை வேகவச்சுப் பையில அடைச்சு, உறி கட்டுன மாதிரி வரிசையாத் தொங்கவிட்டிருக்காங்க. பையக் கிழிச்சுக்கிட்டுக் காளான் பூத்து நிக்குது. சிப்பிக் காளான். பொம்பளைங்க ஏழெட்டுப் பேரு சேந்து வளக்குறாங்க.

வெளிய நிக்கும்போதே உள்ள சிரிப்புச் சத்தம். யாரோ ஒருத்தி என்னமோ கதை சொல்றா, மத்தவளுங்க கெக்கெக்கேன்னு சிரிக்கிறாளுங்க. நல்லா நீட்டி மொழக்கி, ஆளுக்கு ஒரு குரல்ல பேசிக்காட்டிச் சொல்றா. யாருடா இதுன்னு சாக்கை விலக்கிப் பாத்தா, தெக்லா.

இவ்வளவு பேச்சு இவகிட்ட எங்க இருந்துச்சு? பதினேழு வருசம் எங்க வச்சிருந்தா?

என்னைப் பாத்ததும் நிறுத்திட்டா. கையத் தொடச்சுக்கிட்டு வெளிய வந்தா. வந்து மொதல்ல என்ன கேட்டா தெரியுமா? "மணிக்கட்டு எப்படி இருக்கு மதினி?" என் கையப் பிடிச்சு வீக்கத்தை அமுக்கிப் பாத்தா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. ஒத்தை ரூமு. சுத்தமா இருந்துச்சு. சோறு வடிச்சு, காளான் கொழம்பு வச்சா. நான் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. அவ எதுவும் கேக்கல, நானே ஆரம்பிச்சேன்.

"மேடம் வரச்சொல்றாங்க தெக்லா."

"ம்."

"எல்லாம் மறந்து போச்சு. யாரும் எதுவும் பேசமாட்டாங்க. நீ பின்கட்டுலயே இருந்துக்கலாம்."

"நான் வரல மதினி."

"ஏன்? அங்க உனக்கு என்ன கொறை வச்சோம்?"

பத்து நிமிசம் எடுக்கும்னு நெனச்சேன். உடனே கேட்டா. "க்ரீமைப் பத்தி மேடம்கிட்ட சொன்னீங்களா?"

"எந்த க்ரீம்?"

கேட்டுட்டேன். வாயில வந்திருச்சு. அவ என்னையே பாத்தா.

சரி, உங்கிட்ட சொல்றதுக்கு என்ன. அந்த க்ரீம் டப்பா திறந்து மூணு நாளு ஆச்சு. முந்தின நாள் பூரா கரண்டு வேற இல்ல, ஃப்ரிட்ஜுல எல்லாம் வெதுவெதுன்னு கெடந்துச்சு. காலையிலேயே தெக்லா அதை மோந்து பாத்துட்டு, கொட்டுறதுக்காகப் பின்ஜன்னல்ல வச்சிருந்தா. மத்தியானம் பாத்தா வேற டப்பா இல்ல. மழை கொட்டுது, டவுனுக்கு யாரு போறது? வகுப்பு நடக்குது, பத்துக் கண்ணு பாத்துக்கிட்டிருக்கு. மோந்து பாத்தேன். லேசாப் புளிச்ச வாடை. லேசாத்தான். கொதிச்சா போயிரும்னு மெளகுப்பொடியத் தூக்கலாப் போட்டு ஊத்திட்டேன். க்ரீம் வேணாம்னு சொன்ன அந்த ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஒண்ணும் ஆகல. அதுங்களும் அதே காளானைத்தான் தின்னுச்சுங்க. ஆஸ்பத்திரி வாசல்ல ஐஸ் கேட்டு அழுதுக்கிட்டு நிக்கிறதப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

யாருதான் செய்யல? நீயே சொல்லு, வீட்டுல லேசாப் புளிச்ச பால நீ ஊத்தினதே இல்லையா?

தெக்லா சொன்னா, "அன்னைக்கு அந்த நாக்காலியில பொழுது சாயுற வரைக்கும் உக்காந்திருந்தேன்ல மதினி. எனக்கு ஏதாவது ஆகுதான்னு எல்லாரும் பாத்தாங்க. எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். நான் அதுக்கு உக்காரல."

"பின்ன?"

"நீங்க சொல்லுவீங்கன்னு உக்காந்திருந்தேன்."

கோவமா சொல்லல. சத்தமா சொல்லல. தண்ணி வந்திருச்சு மதினின்னு சொல்லுவாளே, அதே மாதிரி சொன்னா. நீங்க ஒவ்வொரு தடவ தாண்டிப் போகும்போதும் இப்ப சொல்லுவீங்க, இப்ப சொல்லுவீங்கன்னு பாத்தேன்னா. தனியாக் கூப்பிட்டு எங்கிட்டயாவது சொல்லுவீங்கன்னு மூணு நாளு வீட்டுல இருந்தேன்னா.

"நீயே சொல்லியிருக்கலாம்லடி"ன்னேன். "அத்தனை பேரு இருந்தாங்க. வாயத் தெறந்து நீயே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல?"

"சொல்லியிருந்தா உங்களுக்குப் போக எடம் ஏது மதினி? நான் காட்டுல மேட்டுல திரிஞ்சவ, எங்கயும் பொழச்சுக்குவேன்."

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னேன். அவ தேங்காண்ணெய சூடு பண்ணி, என் மணிக்கட்டுல தேச்சு, துணியச் சுத்திக் கட்டிவிட்டா. இந்தா, இதான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா. துண்டு போட்டு எடம் பிடிச்சா. மிச்சத்தத்தான் நீயே பாத்தியே.

இரும்மா, ஃபோன் அடிக்குது. மேடம்தான்.

ஹலோ. ஆமா மேடம். பஸ்ஸுலதான் இருக்கேன், பண்ணைக்காடு பிரிவு தாண்டிட்டேன். பாத்தேன் மேடம். இல்ல மேடம், வரமாட்டேங்குறா. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கேக்கல. அங்க நாலு பேரு சேந்துட்டாங்க மேடம், கொஞ்சம் திமிரு வந்திருச்சு அவளுக்கு. ஆமா. ஆமா மேடம், நன்றி இல்லாதவதான். நாளைக்கு எத்தனை பேரு? எட்டா? செஞ்சிரலாம் மேடம். இல்ல, கை நல்லாத்தான் இருக்கு. நானே பிசைஞ்சிருவேன். சரி மேடம். வச்சிர்றேன்.

என்னம்மா அப்படிப் பாக்குற?

வேற என்னத்தச் சொல்லச் சொல்ற? பஸ்ஸுல வச்சு, இத்தனை பேரு நடுவுல அதையெல்லாம் பேச முடியுமா? நேர்ல சொல்லுவேன். சொல்லாமயா இருக்கப் போறேன்? உங்கிட்ட சொன்னேன்ல, அப்ப அவங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? எட்டுப் பேரு வர்ற நேரத்துல மேடத்தோட மனசக் கெடுக்கக் கூடாதுன்னு பாக்குறேன். சீசன் முடியட்டும். ஜூன் பொறக்கட்டும், கூட்டம் கொறஞ்சிரும், அப்ப உக்கார வச்சு நிதானமாச் சொல்லிருவேன்.

இந்தா, பெருமாள்மலை வந்திருச்சு. அந்தப் பையக் கொஞ்சம் எடுத்துக் குடு தாயி. இந்தக் கையால தூக்க முடியல. கண்டக்டர் தம்பி, நிறுத்துப்பா, ஆள் எறங்குது.